பதினொன்றாம் தேதி, இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை

பிள்ளைகளா, உங்கள் உம்மா காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சை பாஸ் பண்ணியதை நம் ஊரில் இப்போது வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆபீஸ் முதலாளிதான் படிக்க வைத்தாராம். லீவு கொடுத்தாராம், வழி காட்டினாராம். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சஹனில் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது எதிரில் இருந்தவன் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு உங்கள் உம்மாவைப் பற்றிச் சொன்னான்: "ராத்தாவ அவருதான் ஆளாக்கிட்டாரு காக்கா. நீங்க குடுத்து வச்சவங்க."

சஹனில் கை வைத்த பிறகு பாதியில் எழுந்து போகக் கூடாது. மற்ற மூன்று பேருடைய சாப்பாடும் கெட்டுப்போகும். அதனால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், எட்டு வருஷம் சார்ஜாவில் வண்டி ஓட்டியவன், இங்கே வந்தும் லோடு வண்டிதான் ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை கிடையாது.

உங்கள் உம்மா வேலை பார்த்த இடத்தை ஊரில் எல்லோரும் ஆடிட்டர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். முதலாளி ஆடிட்டர் இல்லை. கடைக்காரர்களுக்கு வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர். அதில் குற்றமில்லை, அதுவும் ஒரு தொழில். ஆனால் கணக்கை அவர் போடவில்லை. உம்மா போட்டாள். மஞ்சள் பையில் பில்லைத் திணித்துக்கொண்டு வருகிற கடைக்காரரிடம் அவர் வெயிலைப் பற்றிப் பேசுவார். பையை வாங்கிப் பிரிப்பது உம்மா.

அந்த ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாக் கோளாறும் அதில்தான் தொடங்கியது. வரி கம்ப்யூட்டருக்குப் போனபோது ஒவ்வொரு கடைக்கும் ஒரு போன் நம்பர் பதிய வேண்டியிருந்தது. மாதக் கணக்கை ஏற்றும்போது அந்த நம்பருக்கு ஆறு இலக்கத்தில் ஓ.டி.பி. வரும். பத்து நிமிஷத்துக்குள் அதைப் போட்டால்தான் கணக்கு ஏறும். நம் ஊர்க் கடைகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கடை வாப்பா பெயரில் இருக்கும். போன் மகன் வாங்கிக் கொடுத்தது. சிம் மகன் பெயரில் இருக்கும். மகன் துபாயில் இருப்பான். ஓ.டி.பி. எங்கே போகும்? பாலைவனத்துக்குப் போகும். கருக்களாச்சேரியில் படகு எஞ்சினுக்குச் சாமான் விற்கிறவர், பாதி நாள் தானே கடலில் இருக்கிறவர், "எனக்கு சிக்னலே இருக்காதுங்க, வேற யாரு நம்பராச்சும் போட்டுக்கங்க" என்றாராம்.

முதலாளிக்கு யோசனை வந்தது. "நம்ம பொண்ணு நம்பரையே போட்டுருவோம். அது எப்பவும் இங்கதான இருக்கு."

ஒன்று இரண்டாக ஆரம்பித்தது, அறுபது எழுபது கடை உங்கள் உம்மாவின் நம்பரில் வந்து உட்கார்ந்தன. அவர் ஏன் தன் நம்பரைப் போடவில்லை என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அவருக்குத் தொந்தரவா இருக்குமாம் மச்சான்" என்றாள்.

படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு மரக்கடைக்காரர். அவருடைய வருஷக் கணக்கை உம்மா ஒரு வாரம் உட்கார்ந்து சரி செய்திருந்தாள். அவர் வந்து காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத ஆடிட்டர் பாத்துட்டாரா, இல்ல நீயா போட்டதா?" என்று கேட்டார். "பாத்துட்டாருங்க" என்று உம்மா பொய் சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "நான் போட்டத நான்தான் போட்டேன்னு சொல்றதுக்கு ஒரு பேப்பர் வேணும் மச்சான்."

அந்தப் பேப்பருக்குத்தான் அவ்வளவு பாடு. அவளிடம் பி.காம். பட்டம் ஏற்கனவே இருந்தது. இன்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே முடித்தாள். ஃபைனலில் ஒரு குரூப்பும் முடிந்தது. கடைசியாக ஒரு குரூப், நாலு பேப்பர், பாக்கி நின்றது.

வீட்டில் படிக்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் அப்போது ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுக்கிற வயது. அதனால் காலையில் உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், ஆபீஸ் திறக்க முக்கால் மணி நேரம் முன்னதாகவே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், துறைமுகச் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவேன். முன் சீட்டுதான் வகுப்பறை. பாடம் போனில் வீடியோவாக ஓடும். நடுவில் ஓ.டி.பி. வந்து விழும். பின்னாலேயே ஆபீஸிலிருந்து போன் வரும், வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். நம்பரைச் சொல்லி முடித்து மறுபடி ஓட விடுவாள். ஒரே வாக்கியத்தை அந்த மனுஷர் நாலு தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கும் அதில் கொஞ்சம் ஒட்டியது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்டத்தான் வேண்டும், ஓடினால்தான் டீசல் தீரும், இரண்டும் வேறு வேறு செலவு என்று என் வண்டியை வைத்தே சொல்லிக் கொடுத்தாள். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது வாடகை குறைவு என்று நான் லோடு ஏற்றாமல் காலியாக வருவேன். "டீசலுக்கு மேல ஒரு ரூவா குடுத்தாலும் ஏத்திக்கிட்டு வாங்க. காலியா வந்தாலும் டீசல் தீரத்தான செய்யுது" என்றாள். எத்தனை வருஷம் ஸ்டீயரிங் பிடித்தேன், இது எனக்குத் தெரியவில்லை. வரிப் பாடத்தில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு போனால் என்ன வரி என்று ஒரு பகுதி வரும். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்வார்களாம். நம் காரைக்காலை விட்டு வாஞ்சூர் தாண்டினால் நமக்கு வெளி மாநிலம். தினமும் அந்தப் பில்லைப் பார்க்கிறவளுக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது?

ஜூன் மாதம் போய் எழுதினாள். சென்டர் திருச்சி. இங்கேதான் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர்கள் விற்பனைக் கணக்கை ஏற்றுவதற்குக் கடைசித் தேதி ஒவ்வொரு மாதமும் பதினொன்று. அந்தப் பரீட்சையும் ஜூனிலும் டிசம்பரிலும் அதே வாரத்தில்தான் வரும். ஜூன் பதினொன்றாம் தேதி பஸ்ஸில் காரைக்காலிலிருந்து திருச்சி வரைக்கும் நம்பர் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். மடியில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. ஹாலுக்கு வெளியே பையை வைக்கிற இடத்தில்கூட ஒரு கடைக்கு நம்பர் சொல்லிவிட்டுத்தான் போனை அணைத்திருக்கிறாள்.

ரிசல்ட் வந்தது. நாலு பேப்பரிலும் தனித்தனியாகத் தேறிவிட்டாள். ஆனால் நாலையும் கூட்டினால் இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கூட்டினால் ஏழு மார்க் குறைந்தது. நாலையும் மறுபடி எழுத வேண்டும்.

ஏழு மார்க். அது பஸ்ஸில் போன மார்க் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

முதலாளி ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை உம்மா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள். "குடும்பத்த வச்சிக்கிட்டு இதெல்லாம் சரிப்படாதும்மா. நீதான் வேலையில கெட்டிக்காரியாச்சே, ஒனக்கு எதுக்கு இந்தப் பேப்பரு?" கெட்டிக்காரிக்குப் பேப்பர் எதற்கு என்றால், பேப்பர் யாருக்குத்தான்?

டிசம்பருக்கு ஒரு மாதம் முன்பே லீவு கேட்டாள். தாராளமாகக் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. "எத்தன நாள் வேணும்னாலும் எடுத்துக்கம்மா. போன மட்டும் ஆபீஸ்ல வச்சிட்டுப் போயிரு" என்றார்.

பாருங்கள். ஆளுக்கு லீவு, போனுக்கு லீவு இல்லை. அவளுடைய பேங்க், உங்கள் பள்ளிக்கூடம், அவள் உம்மா வீடு, எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. நம்பரை மாற்றிவிடலாம் என்று சொன்னதற்கு, "இப்ப எல்லாக் கடைக்கும் மாத்திக்கிட்டு உக்கார முடியுமா, பரிட்ச முடியட்டும்" என்றார். கடைசியில் உம்மாவே ஒரு வழி சொன்னாள். நான் கூடப் போவது. அவள் உள்ளே எழுதுகிற மூன்று மணி நேரம் போன் என் கையில் இருப்பது. வருகிற நம்பரை நான் சொல்வது. உங்களை என் தங்கச்சி வீட்டில், அதாவது உங்கள் மாமி வீட்டில், விட்டுவிட்டு டிசம்பர் பதினொன்றாம் தேதி விடியற்காலை பஸ் ஏறினோம். பஸ்ஸிலும் போனை நான்தான் வைத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்துக்கொண்டு வந்தாள். திருவாரூர் போனதையோ தஞ்சாவூர் போனதையோ அவள் பார்க்கவில்லை.

சென்டர் ஒரு காலேஜ். இரண்டு மணிக்கு மணி அடித்துக் கேட்டைச் சாத்தினார்கள். நான் எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடையின் படியில் உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. மெசேஜ் வரும், அவர் கூப்பிடுவார், நான் ஆறு எண்ணையும் சொல்வேன். மூன்று மணிக்கு மேல் ஆபீஸில் இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மெசேஜ், மூன்று மெசேஜ். எது எந்தக் கடைக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் இங்கிலீஷ்.

"கடைசியா வந்தத சொல்லுங்க பாய்."

சொன்னேன்.

"நாலு நம்பர்தான இருக்கு? ஆறு வரணும் பாய்."

"நாலுதான் சார் போட்டுருக்கு."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அது நம் வீட்டுக் கேஸ் சிலிண்டருக்கு வந்த நம்பர்.

"பாய், ஒங்களுக்குப் படிக்கத் தெரியலன்னா பக்கத்துல யாராச்சும் படிச்ச ஆளா இருந்தா அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

ஜெராக்ஸ் கடைப் பெண் என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் குரல் மாறியது. தலத்தெருப் பக்கம் இரும்புக் கடை வைத்திருக்கிறவருடைய பாஸ்வேர்டு வேண்டும், அது உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு நிமிஷம் வெளிய கூப்பிடுங்க பாய்."

"பரிட்ச எழுதுறாங்க சார். உள்ள விட மாட்டாங்க."

"விடுவாங்க. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. எந்த வாட்ச்மேனா இருந்தாலும் கூப்பிட்டு விட்டுருவான். பெரிய பார்ட்டி பாய், கோவிச்சிக்கிட்டாருன்னா ஒங்க வீட்டம்மா வேலைக்குத்தான் கேடு."

நான் எழுந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். எழுந்து, ரோட்டைத் தாண்டி, கேட் வரைக்கும் போனேன்.

வாட்ச்மேன் கம்பிக்கு உள்ளே நாற்காலியில் இருந்தார். "என்னங்க பாய், யாரு வேணும்?"

"உள்ள எழுதுறாங்கள்ல, அதுல ஒருத்தவங்க என் வீட்டுல…"

"என்ன, அவசரமா?"

கையில் இருந்த போன் வெளிச்சம் போட்டது. அடுத்த மெசேஜ். அதற்குப் பின்னால் உங்கள் இரண்டு பேர் படம். நாகூர்க் கடற்கரையில் எடுத்தது, வாயெல்லாம் ஐஸ். நோய் என்று நான் யாரைச் சொல்ல வேண்டுமோ அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லங்க. மணி என்னாச்சு?" என்று கேட்டேன்.

"கையில போன் வச்சிருக்கீங்களே" என்றார். பிறகு அவரே பாவம் பார்த்து, "மூணு அம்பத்தஞ்சு" என்றார்.

திரும்பி வந்து முதலாளியிடம் பொய் சொன்னேன். "கேட்டேன் சார், விட மாட்டேங்கிறாங்க." அவர் நம்பவில்லை. "ஒங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது" என்றார். ஐந்து மணி வரைக்கும் விடாமல் கூப்பிட்டார். நானும் விடாமல் எடுத்தேன். எனக்கு அவர் மேல் வந்த கோபம் பாதிதான். மீதி என் மேலே. போனை அணைக்கிற பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. அழுத்தவில்லை. அவள் வேலை போய்விடுமே என்று பயந்தேன். நான் கேட் வரைக்கும் நடந்து போனது அந்தப் பயத்தில்தான். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவளை வெளியே வரவழைத்திருப்பேன், வெளியே வந்தவளை மறுபடி உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் உம்மா வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாருக்கும் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன். அது இரண்டாவது பொய்.

பஸ் தஞ்சாவூர் தாண்டியதும் உள்ளதைச் சொன்னேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அவள் போனை வாங்கினாள். முதலாளியைக் கூப்பிடவில்லை. இரும்புக் கடைக்காரரை நேராகக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் போட்டது போட்டபடியே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"மன்னிச்சிக்கங்க பாய், இன்னிக்கு ஒங்க கணக்கு ஏறல."

"ஏறலன்னா நாளைக்கு ஏத்து. அதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு? ஆமா, இன்னிக்கு ஒனக்குப் பரிட்சன்னாங்களே, எழுதுனியா?"

"எழுதுனேன் பாய்."

"நல்லா எழுதுனியா, அத சொல்லு மொதல்ல."

அவரிடம் யாரும் கேட்கவே இல்லை, பிள்ளைகளா. அந்தப் பெரிய பார்ட்டிக்கு ஒரு போன் போட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்பதற்குப் பதிலாக, என் பிள்ளைகளுக்கு நோய் என்று சொல்லச் சொன்னார். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மீதி மூன்று பேப்பரும் எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் பார்த்தாள். பாஸ். எனக்கு போன் செய்து, "மச்சான், வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்திய பிறகுதான் சொன்னாள்.

ஒரு வாரத்தில் பேனர் வந்துவிட்டது. அதில் முதலாளி முகம் முறம் அளவுக்கு. "எங்கள் அலுவலக வழிகாட்டுதலில் தேர்ச்சி பெற்ற" என்று போட்டு, கீழே உம்மா பெயர். முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ. படம் தருகிறாயா, வேண்டாமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே பூவைப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர்களைக் கூட்டி ஒரு மண்டபத்தில் பாராட்டும் வைத்தார். மைக்கைப் பிடித்து, "பதினொன்னாந்தேதின்னா எங்க ஆபீஸ்ல அனல் பறக்கும். அன்னிக்கே லீவு குடுத்து அனுப்பினேன். கஷ்டம் எனக்கு. இருந்தாலும் ஒரு பொண்ணு முன்னேறட்டும்னு…" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உம்மாவைப் பேசச் சொன்னார்கள். சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாருக்கும் நன்றிங்க. இனிமே பதினொன்னாந்தேதி அவங்கவங்க நம்பருக்கே ஓ.டி.பி. வந்தா, இன்னொரு பரிட்சகூட எழுதிருவேன்."

மண்டபமே சிரித்தது. முதலாளிதான் பலமாகச் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனியில் இப்போது அவள் பார்க்கிற வேலை அதற்குப் பிறகு கிடைத்தது. பழைய ஆபீஸை விடும்போது எந்தெந்தக் கடை தன் நம்பரில் இருக்கிறது என்று கைப்பட எழுதி முதலாளியிடம் கொடுத்தாள். எப்படி மாற்றுவது என்றும் எழுதினாள். கடைக்காரர்களுக்கும் தனித்தனியாகச் சொன்னாள். பாதிப் பேர் மாற்றிக்கொண்டார்கள், இரும்புக் கடைக்காரர்தான் முதல் ஆள். மீதியைப் பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. மூன்று மாதம் பொறுத்தோம். உம்மா தனக்குப் புது சிம் வாங்கிக்கொண்டு பழைய போனை வீட்டில் வைத்தாள். "இந்தப் பதினொன்னு மட்டும் பாத்துக்கங்க மச்சான். பாவம், கடைக்காரங்க என்ன பண்ணுவாங்க" என்றாள். அவள் மனசு அப்படி. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்தப் பதினொன்றாம் தேதி நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். உம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை வாசலில் போட்டுவிட்டு வந்தேன். கையைக் கழுவித் தட்டை எடுக்கும்போது அலமாரி மேலிருந்த போன் அடித்தது. திரையில் முதலாளி பெயர். சுவர்க் கடிகாரத்தில் இரண்டாக இரண்டு நிமிஷம் இருந்தது.

ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, ஓரத்துப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். திரை கறுப்பாகும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை. பிறகு மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றி, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். போனைத் திரும்பப் போட்டது ஐந்து மணி அடித்த பிறகுதான்.